பீச்சிலிருந்து தாம்பரம் வரை 454 கோடி ஆண்டுகள்

1984, ஒன்பதாம் வகுப்பு, ஒரு சனிக்கிழமை காலை. சயின்ஸ் சார் எங்களில் பதினோரு பேரைப் பீச் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார். எழும்பூர் மியூசியத்துக்கு டைனோசர் பார்க்கக் கூட்டிப் போகிறார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டு போய் நின்றோம். அவரோ எல்லோருக்கும் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரமாக உட்கார வைத்து, "இப்ப பூமி பிறந்திருக்கு. தாம்பரம் வந்தா இன்னைக்கு. நடுவுல யாரும் தூங்கக் கூடாது" என்றார்.

பீச்சிலிருந்து தாம்பரம் சுமார் 30 கிலோமீட்டர். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். ஆக ஒரு கிலோமீட்டர் போனால் 15 கோடி ஆண்டுகள் போய்விடும். அவ்வளவுதான் கணக்கு. (சார் அன்று சொன்ன எண்கள் சில பிறகு மாறிவிட்டன, இங்கே இன்றைய எண்களையே போட்டிருக்கிறேன்.) கோட்டை, பார்க், எழும்பூர் எல்லாம் போயும் உயிர் என்று எதுவும் வரவில்லை. சேத்துப்பட்டு தாண்டியதும் சார் எழுந்து நின்று, "வந்தாச்சு, பாக்டீரியா" என்றார். 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. கைதட்டினோம். அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தோம். நுங்கம்பாக்கத்தில் பாக்டீரியா, கோடம்பாக்கத்தில் பாக்டீரியா, மாம்பலத்தில் கூட்டம் ஏறி இறங்கியது, அப்போதும் பாக்டீரியாதான். சைதாப்பேட்டை வரும்போது ஜன்னல் வழியாகப் பரங்கிமலையைக் காட்டி, அந்தக் கறுப்புக் கல் உருவான காலம் இதுதான் என்றார். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். நம் பள்ளிக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க அந்தக் கல்தான், சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடப்பதும் நம் பல்லாவரம் பக்கத்துக் கல் என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்கிற புவியியலாளர் வைத்த பெயர் அது. உலகத்தில் எங்கே அந்தக் கல் கிடைத்தாலும் அந்தப் பெயரில்தான் எழுதுகிறார்கள். சுவரேறிக் குதித்த நம் ஆட்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிண்டி நெருங்கும்போது காற்றில் ஆக்சிஜன் சேர ஆரம்பித்தது. சாரின் குரல் மாறியதே அங்கேதான். எங்களுக்குச் சரியாகப் புரியவில்லை. அதனால் திங்கட்கிழமை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனார். ஐப்பசி மழை முடிந்த நேரம். கைப்பிடிச் சுவரில் கறுப்பாக, கரி பூசினது போலப் படிந்திருக்குமே, நாமெல்லாம் அழுக்கு என்று நினைப்பது, அதை நகத்தால் சுரண்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வெள்ளைத் தாளில் தேய்த்துக் காட்டினார். கறுப்பு இல்லை, கரும்பச்சை. நீலப்பச்சைப் பாசி. பாசி என்று பெயர்தானே தவிர அதுவும் பாக்டீரியாதான். சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியே விடுவது இதன் வேலை. விட்ட ஆக்சிஜன் உடனே காற்றுக்கு வந்துவிடவில்லை. கடலில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது, கோடிக்கணக்கான வருடம் அப்படியே போனது, தின்று தீர்க்க இரும்பு குறைந்த பிறகுதான் மிச்சம் மேலே வந்தது. "நீங்க இழுக்கிற மூச்சு இதோட உபயம்டா" என்றார். அந்தத் தாளை ரொம்ப நாள் ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருந்தேன்.

சரி, டைனோசர். பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று போய்க்கொண்டே இருந்தது வண்டி. குரோம்பேட்டை தாண்டின பிறகுதான் ஓடும் காலும் முளைத்த, கண் வைத்த பிராணிகள் கடலில் கூட்டமாக வந்தன, அதுதான் கேம்பிரியன் காலம், 54 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியது. சானடோரியம் விட்டுக் கிளம்பியதும் பெர்மியன் என்கிற காலத்தின் முடிவில் கடல் உயிரினங்களில் பெரும்பகுதி செத்து ஒழிந்தது. அதற்கு அப்புறம், தாம்பரத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, டைனோசர் வந்தது. 23 கோடி ஆண்டுகள். வந்து ஒரு கிலோமீட்டர் ஓடியது. அரியலூர் அப்போது கடலுக்கடியில் இருந்தது, அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டுப் பிராணிகள் நீந்திக்கொண்டிருந்தன என்றார். வண்டி வேகம் குறைந்து பிளாட்பாரத்தை நெருங்கும்போது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பறவைகள் தவிர மற்ற டைனோசர் எல்லாம் போய்விட்டது. விண்கல் விழுந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகளான அல்வாரெஸ் அப்பாவும் மகனும் நான்கு வருடத்துக்கு முன்புதான் எழுதியிருந்தார்கள், சார் அதையும் படித்து வைத்திருந்தார். அது விழுந்த பள்ளத்தை மெக்சிகோவில் அடையாளம் கண்டது 1991இல். மனிதன்? வண்டி நிற்க இரண்டு மீட்டர் இருக்கும்போது.

எல்லோரும் அந்த இரண்டு மீட்டரைத்தான் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். எனக்கு மட்டும் நுங்கம்பாக்கம் முதல் குரோம்பேட்டை வரை கண்ணுக்கு எதுவும் தெரியாமல் போன அந்தத் தூரம் மனதில் தங்கிவிட்டது. உயிரின் கதை என்றால் பெரும்பகுதி அதுதானே. டைனோசருக்கு எத்தனை பொம்மை, எத்தனை படம், பாசிக்கு ஒன்றுகூட இல்லை. இது நியாயமில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

டொராண்டோ வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இங்கே ராயல் ஒன்டாரியோ மியூசியத்தில் 2021இல் உயிரின் தொடக்க காலத்துக்கென்றே ஒரு கூடம் திறந்தார்கள். கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறைகளில் கிடைத்த புதைபடிவங்கள் அங்கே நிறைய இருக்கின்றன, 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலானவை. கல்லில் பென்சிலால் வரைந்த மாதிரி ஒவ்வொரு காலும் தெரியும். மகள் எவ்வளவு பழசுப்பா என்று கேட்டாள், குரோம்பேட்டை தாண்டிம்மா என்றேன். அவளுக்கு அந்தக் கணக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

போன கோடையில் தண்டர் பே வரை காரில் போனோம், 1400 கிலோமீட்டர். சுப்பீரியர் ஏரியின் வடகரையில் கன்ஃபிளின்ட் பாறைகள் இருக்கின்றன, 188 கோடி ஆண்டுகள் பழையவை. அதை மெல்லிய சீவலாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான் ஸ்டான்லி டைலரும் எல்சோ பார்கூர்னும் 1954இல் பாக்டீரியாப் புதைபடிவங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பு, கேம்பிரியனுக்கு முந்திய உயிருக்கு நல்ல சாட்சி இல்லையே என்று டார்வின் காலத்திலிருந்தே குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாறையைக் கையால் தடவிப் பார்த்தேன். முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, இதழுக்குள் இதழாக, அப்படி வரிவரியாக, வழவழவென்று, ஏரித் தண்ணீர் பட்டு ஜில்லென்று இருந்தது. ஒவ்வொரு வரியும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து வளர்ந்த தடம்.

அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டேன். எண்பத்தாறு வயது, இன்னும் அதே நங்கநல்லூர் வீடுதான். வேலைக்குப் போன காலமெல்லாம் பழவந்தாங்கலில்தான் ஏறி இறங்குவார். காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பாறை, பாக்டீரியா, 188 கோடி என்று கத்திச் சொன்னேன். புரிந்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"எந்த ஸ்டேஷன்டா?" என்றார்.

"பரங்கிமலை தாண்டியாச்சு சார். அடுத்து உங்க ஸ்டேஷன்தான்" என்றேன்.