நோர்வேயின் புலம்பெயர்வு வரலாறு: கட்டுரை வினாவுக்கு எப்படித் தயாராவது?

நோர்வேயிலிருந்து மக்கள் புலம்பெயர்ந்ததைப் புதிய பார்வைகளில் ஆராயச் சொல்லும் கட்டுரை வினாவுக்கு வரும் விடைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில்தான் இருக்கின்றன. 1825இல் நோர்வேயின் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டவ்ராஷன்' என்ற சிறு கப்பல் 52 பேருடன் அமெரிக்காவுக்குக் கிளம்பியது. பிறகு வறுமை, அமெரிக்கா, முன்னேற்றம். தகவலில் பிழையில்லை. ஆனால் வினா 'புதிய பார்வைகளை'க் கேட்கும்போது இது விடையாகாது.

வறுமையை எடுத்துக்கொள்ளுங்கள். 1801இல் ஒன்பது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நோர்வேயின் குடித்தொகை 1865இல் 17 இலட்சமானது. விளைநிலம் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஆனாலும் பரம ஏழையிடம் கப்பல் கூலிக்குப் பணம் ஏது? தொடக்க காலத்தில் போனவர்களில் பலர் பண்ணையை விற்றுக் காசு சேர்த்த குடும்பத்தினர். பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்த உறவினர் முன்கூட்டியே கட்டி அனுப்பிய பயணச்சீட்டுகள்தான் பலரைக் கப்பலேற்றின. ஆகவே 'வறுமை' என்று எழுதும் இடத்தில் எந்தப் பத்தாண்டு, எந்தப் பள்ளத்தாக்கு என்பதையும் எழுதுங்கள்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. உச்ச ஆண்டான 1882இல் ஏறக்குறைய 28,800 பேர் போனார்கள், அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 15 பேர். ஆனால் 1880களிலிருந்து போனவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் திரும்பி வந்தார். இரண்டு முறை போனவர் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார்.

அதிகம் எழுத வேண்டிய இடம் நிலம். அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் குடியேறியவருக்கு 160 ஏக்கர் தந்தது. அதே ஆண்டில்தான் மினசோட்டா மாநிலத்தில் அந்நிலத்தின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களுடன் போர் மூண்டது. 1904இல் வடக்கு டகோட்டாவின் ஸ்பிரிட் லேக்கில் டகோட்டா மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது அங்கு நிலம் எடுத்தவர்களில் நோர்வேயரும் இருந்தனர். 'வெற்று நிலம்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அது யாருடைய நிலம் என்பதே இன்றைய ஆய்வின் கேள்வி.

அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியேயும் பாருங்கள். 1880-81இல் ஏறத்தாழ 600 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1882இல் பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த நேட்டாலின் (இன்றைய தென்னாப்பிரிக்கா) மார்பர்க்கில் குடியேறிய நோர்வேயருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதே நேட்டாலுக்கு 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரே குடியேற்ற நாட்டில் நோர்வேயருக்கு நிலம், தமிழருக்குக் கூலி ஒப்பந்தம்: இன அடிப்படை எப்படி வேலை செய்தது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

மூல ஆவணப் பயிற்சிக்கு ஒரேயொரு திருச்சபை வட்டாரம் போதும். 1865 குடிசன மதிப்பீட்டில் முப்பது பெயர்களை எடுத்து, தேவாலயப் பதிவேட்டின் வெளியேறியோர் பட்டியலிலும் காவல்துறையின் புலம்பெயர்வோர் பதிவேட்டிலும் தேடுங்கள். கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஒஸ்லோ) காவல்துறைப் பதிவு 1867இல்தான் தொடங்குகிறது. பேர்கன் துறைமுகத்துக்கு 1874இலிருந்து உண்டு. அதற்கு முன் போனவரை அங்கே தேடிப் பயனில்லை. நியூயோர்க் பட்டியலிலும் அவர் அகப்படாமல் போகலாம். அந்நியக் கப்பல்களைக் கட்டுப்படுத்திய கப்பற் சட்டங்களைப் பிரித்தானியா 1849இல் தளர்த்திய பின், நோர்வேக் கப்பல்கள் ஆட்களைக் கனடாவின் குவிபெக்கில் இறக்கிவிட்டு மரம் ஏற்றித் திரும்பின.

பெயரை நம்பித் தேடினால் தவறும். 'ஹான்சன்' என்றால் ஹான்சின் மகன், அவ்வளவே. பண்ணை மாறினால் கடைசிப் பெயரும் மாறும். பிறந்த ஆண்டையும் வட்டாரத்தையும் வைத்துத் தேடுங்கள். காவல்துறைப் பதிவேட்டில் சேருமிடமாக உள்ள ஊர் பெரும்பாலும் பயணச்சீட்டு எதுவரை என்பதையே சொல்லும், குடியேறிய ஊரை அல்ல. கப்பலை விட்டு நழுவிய மாலுமிகள் இந்தப் பதிவேட்டில் இல்லை.