குந்தா கேம்ப் மனிதர்கள்: சில நாட்குறிப்புகள்

3 நவம்பர் 2024, ஞாயிறு

நீலகிரி மலையில் இருக்கிற குந்தா நீர்மின் நிலையங்களில் அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வருஷா வருஷம் டிசம்பர் 17ஆம் தேதி மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். அன்றைக்கு ஓய்வூதியர் தினம். அந்த வருஷம் காலமானவர்களின் பெயர்களை ஒருவர் வாசிப்பார், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இந்தத் தடவை அந்தக் குறிப்புகளை நீ எழுதிக் கொடு என்று செயலாளர் பெரியப்பா இன்று போன் செய்து கேட்டார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அப்பாவின் பெயரை வாசித்த கூட்டம்தான். பெயர், கடைசிப் பதவி, வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, இறந்த தேதி, அவ்வளவுதான், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கெத்தை கேம்ப்பில் குடித்தனம் நடத்தியவர், ஷிப்ட் மாறும்போதெல்லாம் வீட்டின் சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் மாற்றிக்கொண்டவர், அவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. வழக்கம் அப்படி.

எழுதுகிறேன் பெரியப்பா, ஆனால் வீட்டு ஆட்களையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன். "எழுது கண்ணு, ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகாமப் பாத்துக்க" என்றார்.

9 நவம்பர், சனி

கேம்ப் என்றால் என்னவென்று இதைப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்காது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நீலகிரியில் மின்சாரம் புதிதில்லை, பைக்காரா மின்நிலையம் 1932லேயே ஓட ஆரம்பித்துவிட்டது. குந்தா அதற்கு அடுத்த தலைமுறை. கொழும்புத் திட்டம் என்கிற வெளிநாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு ஐம்பதுகளின் பாதியில் வேலை தொடங்கி, 1960களின் தொடக்கத்தில் முதல் மிஷின்கள் ஓடின. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் முதல் பவர் ஹவுஸுக்கு வரும். அங்கே வேலை முடித்த தண்ணீர் குந்தா பாலம் அணையில் தேங்கி, சுரங்கம் வழியாகவும் பென்ஸ்டாக் என்கிற பெரிய இரும்புக் குழாய் வழியாகவும் இறங்கிக் கெத்தைக்கு வரும், கெத்தையிலிருந்து பரளி, பரளியிலிருந்து பில்லூர், கடைசியில் பவானி ஆறு. கெத்தை 175 மெகாவாட், பரளி 180, பில்லூர் 100. ஒரே தண்ணீரை மலை இறங்க இறங்கத் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிற ஏற்பாடு இது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அந்தச் சுரங்கங்களை வெட்டவும் அந்த மிஷின்களை ஓட்டவும் வந்தவர்கள் தங்கின இடம்தான் கேம்ப். சேலம், ராமநாதபுரம், பாலக்காடு என்று எங்கெங்கிருந்தோ வந்தார்கள். நிறையப் பேர் முதலில் என்.எம்.ஆர். கூலி, அதாவது மஸ்டர் ரோலில் பெயர், அன்றன்றைக்குக் கூலி. நிரந்தரம் ஆவதற்குள் இரண்டு பிள்ளைகள் பிறந்துவிடும். பட்டியலில் இருக்கிற ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவே காலம் தள்ளி, தொண்ணூறுகளில், ஒப்பந்தத் தொழிலாளர்களை அடையாளம் காண அமைத்த காலித் கமிஷனின் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் மின்வாரிய ஊழியர் ஆனவர். அவருடைய "சேர்ந்த தேதி" என்று தாளில் இருப்பது அவர் பாதி ஆயுள் உழைத்து முடித்த பிறகு வந்த தேதி. இதை எப்படி அப்படியே வாசிப்பது?

16 நவம்பர், சனி

காரமடைக்குப் போய் விஞ்ச் மாமாவின் வீட்டு அத்தையைப் பார்த்தேன். மாமா மார்ச்சில் இறந்தார். விஞ்ச் என்பது மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, இரும்புக் கயிற்றில் கட்டி இழுக்கிற வண்டி. ஆள், சாமான், கர்ப்பிணி, காய்ச்சல்காரர், ரேஷன் அரிசி, எல்லாம் அதில்தான் ஏறும் இறங்கும். மேலே விஞ்ச் ரூமில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டுப்படுத்துபவர் கண்ணுக்கு வண்டி முழுத் தூரமும் தெரியாது, பனி இறங்கினால் பத்தடிகூடத் தெரியாது, மணிச் சத்தத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மாமா அந்த வேலையில் இருந்தவர்.

அத்தை சொன்னதில் பாதியை நான் இதுவரை கேட்டதே இல்லை. மாமா ஷிப்டுக்குப் போகிற நாட்களில் வீட்டில் சண்டையே போடக் கூடாதென்று கல்யாணமான புதிதில் மாமியார் சொல்லி அனுப்பினாராம். "மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டுப் போயி அந்த லீவரைப் புடிச்சா என்னாகும்னு கேட்டாங்க. சரியான கேள்விதானே? அன்னையிலிருந்து எதுனாலும் வாரலீவு அன்னைக்குத்தான் பேசுவேன். என்ற மனசுல எத்தனை நாளு எத்தனை வெச்சிருந்திருப்பேன்னு அவருக்கே தெரியாது." சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு காபி போட எழுந்தார்.

ஒரு நவம்பர் மழையில் ரோடு முழுக்க மண் சரிந்து பஸ் நின்றுபோய், கேம்ப்பில் ஒரு வீட்டில் பிரசவ வலி வந்துவிட்டது. டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மட்டும்தான். அத்தையும் கீழ்வரிசை வீட்டுப் பெண்கள் மூன்று பேரும் சேர்ந்து பிரசவம் பார்த்தார்கள். அந்தப் பையன் இப்போது கோயமுத்தூரில் நன்றாக இருக்கிறான், தீபாவளிக்குத் தீபாவளி அத்தைக்குப் புடவை வரும். வாரியத்தின் எந்த ரிஜிஸ்டரிலும் இது இருக்காது. மின்நிலையம் நிற்காமல் ஓடியதற்கு இந்த மாதிரிப் பெண்களும் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் இவர்கள் இல்லாவிட்டால் அந்தக் காட்டில் எந்த ஆணும் குடும்பத்தோடு ஒரு மழைக்காலம் தாண்டியிருக்க மாட்டான்.

அப்புறம் பள்ளிக்கூடம். கெத்தையிலிருந்து மஞ்சூருக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போக வேண்டும், பாதிப் பிள்ளைகள் வழியிலேயே வாந்தி எடுக்கும். அதனால் பெரிய வகுப்பு வந்ததும் நிறைய வீடுகளில் அம்மாவும் பிள்ளைகளும் மேட்டுப்பாளையத்துக்கோ காரமடைக்கோ வாடகை வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள், அப்பா மட்டும் குவார்ட்டர்ஸில் தனியாகப் பொங்கித் தின்பார். அத்தையும் இறங்கினார். ஓய்வு பெற்ற பிறகு ஒரே வீட்டில் முழு நாளும் இருக்கப் பழகுவதற்கே இருவருக்கும் கொஞ்ச காலம் பிடித்ததாம்.

24 நவம்பர், ஞாயிறு

இன்று எழுத நேரம் இல்லை. இன்னொரு வீட்டு அம்மாவுக்காக வாரம் முழுக்க அலைந்ததில் ஓய்ந்துவிட்டேன். அவருடைய பெயர் கணவரின் ஓய்வூதிய ஆணையில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருக்கிறது, ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஓர் அலுவலகத்தில் போன வாரம் வாங்கிவரச் சொன்ன தாளை இந்த வாரம் செல்லாது என்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் என்பது கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அகவிலைப்படியும். அதை வைத்துத்தான் அவர் மாத்திரை வாங்குகிறார், பேத்திக்கு ஃபீஸ் கட்டுகிறார். புருஷன் போன துக்கத்தோடு ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்க வைக்கிறார்கள். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

நேற்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்திருக்கிறது. விழுப்புரம், கடலூர் எல்லாம் வெள்ளம். அம்மா காலையிலிருந்து டிவி முன்னால். திரையில் இடுப்பளவுத் தண்ணீரில் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்களைப் பார்த்ததும், "எல்.சி. வாங்கிட்டுத்தான் ஏர்றாங்களா? இந்தப் பசங்களுக்கு யாராச்சும் சோறு கொண்டு போனாங்களா?" என்றார். எல்.சி. என்றால் லைன் க்ளியர், மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, கை வைக்கலாம் என்று எழுத்து மூலம் வாங்குகிற உறுதி. ஈ.பி. வீடுகளில் பெண்கள் எல்லோருக்கும் இந்தச் சொல் தெரியும். அது சரியாக இருந்தால்தான் ஆள் வீட்டுக்கு வருவார்.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்தன. எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை டெல்டாவுக்கு அனுப்பினார்கள். சேற்று வயலில் லாரி இறங்காது, கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அப்பா அதற்கு வெகுநாள் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார், இருந்தும் தினமும் சாயங்காலம் பழைய ஆட்களுக்குப் போன் போட்டு யார் யாருடைய பையன் போயிருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். ஒரு பையன் அங்கே பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறான் என்று தெரிந்ததும் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை.

அப்பா ஆபரேட்டர். மணிக்கொரு தடவை மீட்டர், பேரிங் சூடு, தண்ணீர் மட்டம் எல்லாம் லாக் ஷீட்டில் எழுத வேண்டும். நீர்மின் நிலையத்தைச் சில நிமிஷங்களில் ஓட்டவும் நிறுத்தவும் முடியும் என்பதால், சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடுகிற நேரத்தில்தான் எந்த மின்நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று சொல்கிற லோடு டெஸ்பாட்சிலிருந்து அழைப்பு வரும், மிஷினை எடு என்பார்கள். மிஷினை ஓட்டிவிட்டுத் தண்ணீர் வெளியேறுகிற டெயில் ரேஸ் வாய்க்காலில் இரைச்சல் கேட்டால் வீட்டில் எங்களுக்கும் தெரிந்துவிடும். அந்த எழுதுகிற பழக்கம் அவரை விடவே இல்லை. சாகிற மாதம் வரை கேஸ் சிலிண்டர் மாற்றின நாள், அம்மாவின் சர்க்கரை அளவு, மழை பெய்த நேரம், எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டில் கட்டம் பிரித்து எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து.

8 டிசம்பர், ஞாயிறு

பட்டியலில் ஒரே ஒரு பெண் பெயர். பதவி: அலுவலக உதவியாளர். நாங்கள் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கணவர் ஹெல்பராக இருந்தபோதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார், மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வரை உயிர் இருந்தது. கருணை அடிப்படையில் பெரியம்மாவுக்கு வேலை வந்தது. எட்டாவது படித்தவர், ஃபைல் தூக்கினார், டீ வாங்கிக் கொடுத்தார், ஓய்வு பெறுகிற நாள் வரை ஒரு பதவி உயர்வுகூட இல்லாமல் அதே மேஜைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். அலுவலகத்தில் ஆண்கள் பேசுகிற பேச்சைக் கேட்காதது மாதிரி இருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அவருடைய மகள் சொன்னாள், என்னால் அந்த வரியைத் தாண்டி எழுத முடியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். குறிப்பில் இருவர் பெயரையும் எழுதினேன், ஹெல்பராக இறந்தவரின் பெயரை முதலில். அவருக்கு அப்போது அஞ்சலிக் கூட்டம் எதுவும் நடந்ததில்லை.

17 டிசம்பர், செவ்வாய்

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். முதலில் செயலாளர் பெரியப்பா, இந்த நாள் ஏன் ஓய்வூதியர் தினம் என்று சொன்னார். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் பிச்சையோ கருணையோ இல்லை, உழைத்தவரின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. எத்தனை தடவை கேட்டாலும் கிழவர்கள் இந்த இடத்தில் கை தட்டுவார்கள், இன்றும் தட்டினார்கள்.

குறிப்புகளை நானே வாசித்தேன். ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம் என்பது தாண்டித்தான் போனது, யாரும் நிறுத்தவில்லை. காலித் கமிஷன்காரருக்கு இரண்டு தேதிகளையும் சொன்னேன், முதல் நாள் கூலிக்கு வந்த வருஷம், தாளில் இருக்கிற வருஷம். விஞ்ச் மாமாவின் குறிப்பில் பிரசவம் பார்த்ததைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பாட்டி, "நானும் அங்க இருந்தேன், வெந்நி வெச்சது நாந்தான்" என்று சத்தமாகச் சொன்னார். மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பேசியதும் இன்னும் இரண்டு பேர் கேட்டு வாங்கிப் பேசினார்கள். இதுவரை அந்தக் கூட்டத்தில் வீட்டுப் பெண்கள் மைக்கில் பேசி நான் பார்த்ததில்லை.

சாப்பிடும்போது பரளியில் ஃபோர்மேனாக இருந்த ஒரு தாத்தா என் இலைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "நாங்க செத்ததுக்கப்புறம் ஊட்டுக்கு வந்து கேட்டீன்னா பாதி விட்டுப்போயிரும். நான் இருக்கறப்பவே வா, என்ற ஊட்டுக்காரி இருக்கறப்பவே வா. அவ சொல்றதைத்தான் முதல்ல எழுதோணும்" என்றார். பக்கத்திலிருந்தவர்களும் தங்கள் முகவரியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், சாப்பாட்டு டோக்கனின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் பரளி ஆட்களிலிருந்து தொடங்குகிறேன், முதலில் அந்தத் தாத்தா வீடு.