கொச்சிக்கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை

என் மறையுரைக் குறிப்பு நோட்டு தொலைந்துவிட்டது. பன்னிரண்டு வருட உழைப்பு. ஞாயிறு வாசகங்களைப் படிக்கும்போது மனதில் பட்டதையெல்லாம் அதில்தான் எழுதி வைப்பேன். பஸ்ஸில் விட்டேனா, கடையில் விட்டேனா என்றுகூட நினைவில்லை. மூன்று நாள் தேடிக் களைத்தபின் கோயிலில் பூ வைக்க வரும் அம்மா ஒருவரிடம் சொன்னேன். "கொச்சிக்கடைக்குப் போய்ட்டு வாங்க பாதர், அந்தோனியார் தேடித் தருவார்" என்றார். எத்தனையோ பேருக்கு நானே சொன்ன வார்த்தை இது. சரி என்று அடுத்த செவ்வாய் கொழும்பு கொச்சிக்கடையில் உள்ள புனித அந்தோனியார் கோயிலுக்குக் கிளம்பினேன். அங்கி போடவில்லை. பலி ஒப்புக்கொடுக்கவா போகிறேன், ஒன்றைக் கேட்டு வாங்கத்தானே?

தொலைந்த பொருளுக்கு அந்தோனியாரிடம் போவதற்கு ஒரு கதை உண்டு. அவரிடம் ஒரு திருப்பாடல் நூல் இருந்தது. மறையுரைக்கான குறிப்புகளை அதன் ஓரங்களில்தான் எழுதி வைத்திருந்தார். மடத்தை விட்டுப் போன ஓர் இளம் துறவி அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தோனியார் செபித்தார். போனவர் நூலோடு திரும்பி வந்தார், மடத்துக்கும் திரும்பி வந்தார். நோட்டைத் தொலைத்தபின் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது!

புறக்கோட்டையில் இறங்கி நடந்தேன். செட்டியார் தெருவின் நகைக்கடைகளைத் தாண்டும்போதே கூட்டத்தின் போக்கு தெரிந்துவிடும். கையில் மெழுகுதிரிப் பொட்டலத்தோடு போகிறவர்களின் பின்னால் போனால் போதும். 1231இல் அந்தோனியாரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாயன்று. அதனால்தான் செவ்வாய்தோறும் அவருக்கு நவநாள் செபம்.

வாசலில் பையைச் சோதித்தார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை 8.45 மணியளவில் இந்தக் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. அன்று நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். கடற்படையினர் திருத்திக் கட்டிக் கொடுத்த கோயில், திருவிழாவுக்கு முந்தின நாளான ஜூன் 12 அன்றே மறுபடி திறக்கப்பட்டது. சோதனை முடிந்து பையை வாங்கும்போது ஒவ்வொரு முறையும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. உயிர்த்தார் என்று பாட வந்தவர்கள் அவர்கள்.

நுழைவிடத்திலேயே கண்ணாடிப் பேழைக்குள் புனிதரின் சுரூபம். அதோடு அவருடைய நாவின் சிறு துண்டு ஒன்றும் திருப்பண்டமாக இருக்கிறது. 1263இல் பதுவாவில் கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருக்க, நா மட்டும் அழியாமல் இருந்ததாம். வார்த்தையை அறிவித்த நா. கண்ணாடியில் கை வைத்து வேண்டுகிறவர்கள் வரிசையில் நானும் நின்று, பிள்ளை மாதிரி, "என் நோட்டு" என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

இந்த இடமே ஒளிந்து திரிந்த ஒரு குருவால் உண்டானது. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரி வேடத்தில் இங்கே இருந்தாராம். கடல் கரையை அரித்துக்கொண்டிருந்தது. மீனவர்கள் அவரிடம் முறையிட்டார்கள். அவர் சிலுவையை நட்டுச் செபித்தார். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. ஒளிந்து கொள்ள வந்தவரை அந்த மக்களின் தேவை வெளியே இழுத்துவிட்டது. எனக்கு அதுவே பெரிய அற்புதம்.

முற்றத்தில் மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் நல்ல காற்று. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு வயதான அம்மா மூன்று தரம் ஏற்றிப் பார்த்தார், மூன்று தரமும் அணைந்தது. "தம்பி, கொஞ்சம் கைய மறைச்சிப் பிடிங்க" என்றார். இரண்டு கையையும் குவித்துப் பிடித்தேன். திரி கருகி, சின்னதாய் ஒரு நீலப் பொட்டு தெரிந்து, பிறகு மஞ்சளாய் எழுந்தது. உருகின மெழுகு ஒரு சொட்டு என் பெருவிரலில் விழுந்தது. "ஐயோ, சுட்டுருச்சா?" என்று சேலைத் தலைப்பாலேயே துடைத்துவிட்டார்.

ஜிந்துப்பிட்டி முருகனைக் கும்பிட்டுவிட்டு நேரே இங்கே வருவாராம். எல்லாச் செவ்வாயும். மகள் சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் நான்கு வருடம்.

"மகள் திரும்பி வரணும்னு கேப்பீங்களா அம்மா?"

"முந்தி அப்படித்தான் கேட்டேன். இப்ப, அவ வர்ற அன்னிக்கு நான் வீட்ல இருக்கணும், அதுக்கு மட்டும் உயிரோட வைங்கன்னு கேக்கிறேன். வந்து பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடக் கூடாது பாருங்க."

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் எனக்கு மனப்பாடம். காணாமற்போன ஆடு, காணாமற்போன காசு, காணாமற்போன மகன். மகன் தொலைவில் வரும்போதே தந்தை கண்டுகொண்டார் என்ற வசனத்தை வைத்து எத்தனை மறையுரை சொல்லியிருப்பேன்! தந்தையின் இரக்கம், ஓடிப்போய்க் கட்டியணைத்தது, மோதிரம், விருந்து, எல்லாவற்றையும் விரித்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார் என்பதை ஒரு நாளும் நினைத்ததில்லை. மகன் போன நாளிலிருந்து எத்தனை பயணத்தை வேண்டாம் என்று விட்டாரோ, எத்தனை மாலை வாசலில் உட்கார்ந்திருந்தாரோ. தொலைந்த நோட்டில் அந்த அதிகாரத்துக்குப் பல பக்கம் எழுதியிருந்தேன். அந்த அம்மா சொன்னது அதில் எங்கும் இல்லை.

மகள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் யார் என்று சொல்லத் தோன்றவில்லை. உள்ளே போய் நவநாள் செபத்தில் அந்தப் பிள்ளைக்காக மட்டும் வேண்டினேன். நோட்டு ஞாபகம் வந்தது பஸ் ஏறியபின்தான்.

எங்கள் பங்குக் கோயிலில் 2019க்குப் பிறகு மாலைத் திருப்பலி முடிந்த கையோடு எல்லாக் கதவும் பூட்டிவிடுவோம். அன்று திரும்பியதும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவிடம் பக்கக் கதவை மட்டும் ஒன்பது மணி வரை திறந்து வைக்கச் சொன்னேன்.

"அந்த நேரத்தில யார் பாதர் வரப் போறாங்க?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் வீட்டுக்குப் போகட்டும், நானே இருந்து பூட்டிக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு, கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தேன்.