இருட்டில் வேலை செய்யும் செல்கள்

உடலியங்கியல் பாடத்தில் நான் ஆசையோடு காத்திருந்து நடத்துவது விழித்திரையைத்தான். வெளிச்சம் பட்டதும் கண்ணின் ஒளி ஏற்பி செல் என்ன செய்யும் என்று மாணவர்களைக் கேட்பேன். கிட்டத்தட்ட எல்லோருமே ‘தூண்டப்படும்’ என்பார்கள். நடப்பது நேர் எதிர். இருட்டில்தான் அது மும்முரமாக இருக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே வந்துகொண்டே இருக்கும், அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் விடாமல் சுரக்கும். ஒளி பட்டால் அந்த அயனி வாயில்கள் மூடிக்கொள்ள, சுரப்பு குறைந்துவிடும்.

சரி, சுரப்பு குறைந்தால் செய்தி எப்படிப் போகும்? அடுத்த அடுக்கில் இருக்கும் இருமுனை செல்களில் ஒரு வகையைக் குளூட்டமேட் தூண்டுகிறது, இன்னொரு வகையை அதே குளூட்டமேட் அடக்கி வைக்கிறது. வெளிச்சம் வந்ததும் முன்னது அடங்கிவிடும், பின்னது விழித்துக்கொள்ளும். ஒரே வேதிப்பொருளை வைத்துக்கொண்டு ‘வெளிச்சம் கூடியது’, ‘குறைந்தது’ என்று இரண்டு தனிப் பாதைகள்! எத்தனை முறை நடத்தினாலும் எனக்கு இது அலுக்கவே இல்லை.

அப்புறம் 1953-இல் நரம்பியல் ஆய்வாளர் ஸ்டீபன் கஃப்ளர் பூனையின் விழித்திரையில் கண்டது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்புபவை கேங்கிலியான் செல்கள். அப்படி ஒரு செல்லுக்கு உரிய சிறு வட்டத்தின் நடுவில் ஒளி விழுந்தால் அது படபடவென்று துடிப்புகளை அனுப்பியது. சுற்றிலும் விழுந்தால் அடங்கிப்போனது. வட்டம் முழுக்கச் சீராக வெளிச்சம் பரவினாலோ பெரிதாக ஒன்றும் மாறவில்லை. வேறு சில செல்களில் இதுவே தலைகீழ். ஆக, மூளைக்குப் போகும் செய்தியில் மேலோங்கி நிற்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. உச்சி வெயிலில் கறுப்பு எழுத்திலிருந்து வரும் ஒளி, மங்கிய அறையில் வெள்ளைத் தாளிலிருந்து வருவதைவிட அதிகம். ஆனாலும் எழுத்து கறுப்பாகவே தெரிகிறதே, அதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு கண்ணில் ஒளி ஏற்பிகள் 10 கோடி அளவில் இருக்க, பார்வை நரம்பில் இழைகள் சுமார் 10 லட்சம்தான். ஆனால் இந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. நாம் நேராகப் பார்ப்பது விழும் இடமான மையக்குழியில், நல்ல வெளிச்சத்தில் வேலை செய்யும் ஒளி ஏற்பியான கூம்பு செல் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய தனிப் பாதையே உண்டு. எழுத்தைப் படிக்க முடிவது அதனால்தான். ஓரங்களில், மங்கிய ஒளியில் வேலை செய்யும் ஒளி ஏற்பிகளான கோல் செல்கள் ஏராளமானவற்றின் செய்தி ஒன்றாகச் சேர்கிறது. நுணுக்கம் போய்விடும், ஆனால் மிக மங்கலான ஒளிகூடப் பிடிபடும். மையக்குழியின் நடுவில் கோல் செல்களே கிடையாது. மங்கலான நட்சத்திரம் நேராகப் பார்த்தால் மறைவதும், பார்வையைச் சற்றே நகர்த்தினால் தெரிவதும் இதனால்தான்.