அஞ்சு மணிச் சுண்டல்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறிச் சத்தம்தான். ஆண்கள் தறி ஓட்டுவார்கள், பெண்கள் நூலைத் தாராகச் சுற்றுவார்கள். 2021-இல் அரசின் சாயங்கால வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்தப் பழக்கத்தில் இன்னமும் சாயங்காலமானால் பிள்ளைகள் எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வந்துவிடுகிறார்கள். பாடத்துக்கா சுண்டலுக்கா என்று கேட்டால், சுண்டலுக்குத்தான். அதில் எனக்கு வருத்தமில்லை.

பள்ளிக்கூடத்தில் போடும் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். எம்.ஜி.ஆர். 1982-இல் கொண்டுவந்த சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இப்போது வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதாவது ஒன்று கிடைக்கிறது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு சரி. போன வருஷம் ஆறாவதுக்குப் போன பிள்ளை ஒருத்தி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்குச் சொன்னாள்: “தம்பி ஸ்கூல்லயே சாப்புட்டுக்குவாங்க்கா. எனக்கு டீயும் பன்னும்.” ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு வகுப்பு ஏறியதும் காலைச் சாப்பாடு போய்விட்டது.

சாயங்காலம் இன்னும் மோசம். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை, அம்மா வேலை முடிந்து வந்து உலை வைக்கும் எட்டு, ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசம், பெரும்பாலான வீடுகளில் மூட்டையில் இருக்கிறது. ஆக்கிப்போடத்தான் ஆள் இல்லை. அதனால் பத்து ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அது மூலைக்கடையில் அஞ்சு ரூபாய் பாக்கெட் இரண்டாகிறது. அதைத் தின்றுவிட்டு ராத்திரி சோற்றை ஒதுக்கிவிட்டுத் தூங்கிப் போகும். கூலி சனிக்கிழமைதான் கைக்கு வரும் என்பதால், வியாழன், வெள்ளியில் அந்தப் பத்து ரூபாயும் கிடையாது.

நான் செய்வது பெரிய விஷயமில்லை. காலையில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறப்போடுவேன். சீசனில் வேர்க்கடலை அவிப்பேன். மழை நாளில் கேழ்வரகுக் கஞ்சி, அதற்கு வெல்லம் போட்டால்தான் குடிப்பார்கள். யார் வீட்டில் கஷ்டம் என்று கேட்பதே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கிண்ணம், தறி முதலாளி மகனுக்கும் அதே கிண்ணம். ‘இல்லாதவங்க மட்டும் வாங்க’ என்றால் இல்லாத பிள்ளைதான் முதலில் வராமல் நின்றுவிடும்.

பயறுச் செலவை எதிர்வீட்டு அண்ணனும் மளிகைக்கடைக்காரரும் பாதி ஏற்றுக்கொள்கிறார்கள். பிறந்தநாளுக்குப் பிரியாணி போடுகிறேன், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றும் சிலர் வருவார்கள். போட்டோ கிடையாது என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். பிரியாணி ஒரு நாளைக்கு. அந்தக் காசுக்கு ஒரு மூட்டைப் பயறு வாங்கினால் மாசக்கணக்கில் ஓடும். நேராகவே சொல்லிவிடுவேன், என் வாய் அப்படி.

எனக்கு ரொம்பக் கவலை லீவு நாள்தான். சத்துணவு வருஷத்துக்குச் சுமார் 220 நாள். மீதி 145 நாள் அடுப்பு வீட்டில்தான் எரிய வேண்டும். மே மாசம் சேலம் வெயிலில் மொட்டைமாடியில் கால் வைக்க முடியாது. அதனால் வகுப்பைக் கீழ்த் திண்ணைக்கு மாற்றி, பதினொரு மணிக்கே கஞ்சி கொடுத்துவிடுகிறோம். அண்ணன் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவான், அவளுக்கும் ஒரு டம்ளர்.

அடுத்து காலாண்டு லீவு வருகிறது. என்னிடம் இருக்கும் ஐந்து லிட்டர் குக்கர் போதவில்லை, இரண்டு தடவை வேகவைக்க வேண்டியிருக்கிறது. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் யார் வீட்டிலாவது பரணில் பத்து லிட்டர் குக்கர் சும்மா கிடந்தால் சொல்லுங்கள். கேஸ்கட் போயிருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்கிறேன்.