ஒரு பின்னை மிச்சம் பிடிக்கப் போய்: செஸ்னா சுவிட்ச் பேனல், இதுவரை

கணினியில் விமான சிமுலேட்டரில் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தை ஓட்டும்போது ஒவ்வொரு விளக்குக்கும் மவுஸை நகர்த்தித் தேடுவது அலுத்துப்போய்த்தான் இந்தப் பேனலை ஆரம்பித்தேன். பெரிய பட்டியல் இல்லை. ஆல்டர்னேட்டர், பேட்டரி, ஃபியூயல் பம்ப், பீக்கன், லேண்டிங், டாக்சி, நேவ், ஸ்ட்ரோப், பிட்டோ ஹீட், ஏவியானிக்ஸ் இரண்டு, ஆக 11 டாகிள் சுவிட்ச். மேக்னெட்டோவுக்கு, அதாவது எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பாகத்துக்கு, 5 நிலை ரோட்டரி சுவிட்ச்: ஆஃப், ஆர் (வலது), எல் (இடது), போத் (இரண்டும்), ஸ்டார்ட். ஆல்டிமீட்டருக்கு (உயரமானி) ஒரு என்கோடர், இரு பக்கமும் சுற்றும் குமிழ்.

இவற்றைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ப்ரோ மைக்ரோ. அதிலுள்ள ஏடிமெகா32யு4 சிப்புக்கு யுஎஸ்பி தானாகவே வரும், கணினி அதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒயர் இணைக்கக் கைக்குக் கிடைப்பது 18 பின்தான், எனக்கு வேண்டியதோ 11, 5, அப்புறம் என்கோடருக்கு அழுத்தும் பட்டனோடு 3, மொத்தம் 19. ஒன்று இடிக்கிறது. சரி, மேக்னெட்டோவின் ஆஃப் நிலைக்கு ஒயரே வேண்டாம், மற்ற நான்கிலும் இணைப்பு இல்லையென்றால் அது ஆஃப்தானே என்று போர்டின் புரோகிராம் கோடில் எழுதிவிட்டேன். அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ரன்-அப்பில், அதாவது புறப்படும் முன் செய்யும் எஞ்சின் சோதனையில், மாட்டிக்கொண்டேன். 1800 ஆர்பிஎம்மில் வைத்து, போத்திலிருந்து ஆருக்குத் திருப்பி, சுழற்சி 150 ஆர்பிஎம்முக்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கோ எஞ்சினே இருமிவிட்டுச் சரிந்தது. எரிபொருள் கலவையில் ஏதோ கோளாறு என்று ஒரு மாலை முழுவதும் தேடினேன். பிறகுதான் புரிந்தது, இந்த ரோட்டரி சுவிட்ச் பழைய நிலையை விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும், நடுவில் கண நேரம் எதையுமே தொடாது, அந்தக் கணத்தை என் கோடு ஆஃப் என்று படித்து எஞ்சினை அணைத்துவிடுகிறது! கால் நொடி பொறுத்துப் பார்க்கும்படி மாற்றினேன். வேகமாகத் திருப்பினால் சரி, மெதுவாகத் திருப்பினால் பழைய இருமல்.

ஆகவே எல்லாவற்றையும் பிரித்து, டாகிள்களை மட்டும் ஒயர்களைப் பகிர்ந்துகொள்ளும் 3 நிரை, 4 நிரல் கட்டமாக (மேட்ரிக்ஸ்) மாற்றினேன். 11 பின் 7 ஆனது, ஆஃபுக்குத் தனி ஒயர் கிடைத்தது, எதையும் தொடாத கணத்தில் கோடு கடைசி நிலையையே வைத்துக்கொள்ளும். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு எதற்கு என்று அலட்சியமாக விட்டதில் அடுத்த கூத்து: ஆல்டர்னேட்டர், பேட்டரி, லேண்டிங் மூன்றும் ஆனில் இருந்தால், நான் தொடாத டாக்சி விளக்கும் எரிந்தது. மின்சாரம் அந்த மூன்று சுவிட்ச் வழியாகச் சுற்றி வந்து நான்காவது மூடியிருப்பதுபோல் காட்டுகிறது. கீபோர்டில் இது அரிது, விரலை எடுத்தால் விசையின் இணைப்பு விட்டுவிடும். டாகிளோ பயணம் முழுக்க ஆனிலேயே இருக்குமே. சுவிட்சுக்கு ஒரு 1என்4148 டயோடு வைத்ததும் பேய் ஓடிவிட்டது. ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு ஸ்ட்ரோப் சுவிட்சைத் திட்டிக்கொண்டிருந்தது தனிக்கதை.

இன்னொன்று, ஆனை ஆஃபாகவும் ஆஃபை ஆனாகவும் மாற்றும் சிமுலேட்டரின் டாகிள் கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். விமானம் லோடாகும்போதே பேனலில் பீக்கன் ஆனில் இருந்தால், அப்புறம் எல்லாம் தலைகீழ்தான். இப்போது ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு பட்டன் எண்: மேலே போட்டால் ஒன்று, கீழே போட்டால் இன்னொன்று, 100 மில்லிசெகண்டுக்கு அழுத்தி விடுகிறது. அதைவிட ரொம்பக் குறைத்தால் சிமுலேட்டர் சில நேரம் கவனிப்பதில்லை. 22, 5, 3 சேர்த்து 30, ஜாய்ஸ்டிக் நூலகம் வழக்கமாகத் தரும் 32க்குள் அடங்கிவிட்டது. என்கோடரை நீளமாக அழுத்தினால் எல்லா நிலைகளும் ஒருமுறை அனுப்பப்படும், அதுதான் நான் அதிகம் பயன்படுத்துவது.

முகப்பு 3 மிமீ அக்ரிலிக், 6 மிமீ துளைகள். டேப் ஒட்டி, அடியில் மரத்துண்டு வைத்து மெதுவாகத் துளைத்தும் ஒரு துளையில் விரிசல் விட்டது. அது பிட்டோ ஹீட்டின் கீழே, லேபிள் மறைத்துவிடும்.

ஸ்டார்ட்டிலிருந்து போத்துக்குத் தானாகத் திரும்ப ஸ்பிரிங் இன்னும் இல்லை. எஞ்சின் பிடித்ததும் கையால் திருப்புகிறேன், பாதி நேரம் மறந்துவிடுகிறேன்.