வெட்டுப்புள்ளியை யார் தீர்மானிப்பது?

திருகோணமலை மாவட்டத்தின் அரச வைத்தியசாலைகளில் பொறுப்பான பதவி வகிப்பவர்களுக்கு நிச்சயமின்மை புதிய விடயமல்ல. போர்க்காலத்தையும் 2004ஆம் ஆண்டின் சுனாமியையும் கண்டவர்களும், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நோயாளியைப் படகுப்பாதையில் ஏற்றிவிட்டு மறுகரையிலிருந்து செய்தி வரும்வரை காத்திருந்தவர்களும், 2022இன் பொருளாதார நெருக்கடியில் எந்த மருந்து எந்த வாரத்தில் தீர்ந்துபோகும் என்று கணக்கிட்டுக் கொண்டிருந்தவர்களும் இன்னும் எங்கள் நடுவே பணியாற்றுகிறார்கள். ஆனால், அந்த நிச்சயமின்மை கண்ணுக்குத் தெரிந்தது. தட்டில் மருந்து இல்லை என்றால் இல்லை. அதில் விவாதத்துக்கு இடமில்லை. செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் நிச்சயமின்மை வேறு வகையானது. சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அந்த மென்பொருள் ஒரே தொனியில், ஒரே மாதிரியான எண்ணுடன் பதில் தருகிறது.

வைத்தியசாலையின் தர முகாமைத்துவப் பணியில் இருப்பவன் என்ற முறையில், இது பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். “இதை நம்பலாமா?” என்பதுதான் எப்போதும் முதலில் எழும் கேள்வி. அந்தக் கேள்விக்கு எந்த நிபுணராலும் பயனுள்ள விடை தர முடியாது என்பது என் எண்ணம். எந்த நோயாளரிடத்தில், எந்த அறையில், எந்த இணைய வேகத்தில், யாருடைய மேற்பார்வையில் என்று கேட்டால்தான் விடை தேடவே தொடங்கலாம்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் உதாரணம் தாய்லாந்தினுடையது. நீரிழிவினால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கண்டறிய கூகுள் உருவாக்கிய முறைமை, ஆய்வுகூடச் சோதனைகளில் நிபுணர்களுக்கு நிகரான திறமையைக் காட்டியிருந்தது. அதை அங்குள்ள 11 சிகிச்சை நிலையங்களில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம் 2020இல் வெளியானது. தாதியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் சற்று அதிகமானவற்றைத் தரம் போதாது என்று அந்த முறைமை தள்ளிவிட்டது. அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியாததும் இணைய வேகம் குறைவாக இருந்ததுமே பெரும் சிக்கல்களாயின. படம் தள்ளப்பட்ட நோயாளி, விழித்திரையில் குறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தூரத்திலுள்ள இன்னொரு வைத்தியசாலைக்குப் போக வேண்டியிருந்தது. ஈச்சிலம்பற்றிலிருந்தோ வெருகலிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நகரத்துக்கு வரும் தாயொருத்திக்கு அந்தத் தள்ளுபடி என்னவாக இருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

குருதித்தொற்றை முன்கூட்டி எச்சரிப்பதற்காக அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான வைத்தியசாலைகள் பயன்படுத்திய ஒரு முறைமையை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் சொந்த நோயாளரின் பதிவுகளைக் கொண்டு சரிபார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதேவேளை அனுமதிக்கப்பட்ட நோயாளரில் 18 சதவீதமானோருக்கு எச்சரிக்கை எழுப்பியிருந்தது. இந்த விவரத்தை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, விடுதிப் பொறுப்புத் தாதிய சகோதரி ஒருவர் கேட்டார்: “சேர், மெஷின் அடிக்க நான் கவனிக்காமல் விட்டு ஆளுக்கு ஏதும் நடந்தால் நான் பதில் சொல்ல வேணும். மெஷின் அடிக்காமல் இருந்து நடந்தால் யார் பதில் சொல்லுறது?” கூட்டத்தில் இருந்த எவரிடமும் அதற்கு விடை இருக்கவில்லை. தலைமை என்பதன் வேலை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

காசநோய் விடயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்பு எக்ஸ்ரே படங்களை, நோய் இருக்கக்கூடியவர்களைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில், மனிதருக்குப் பதிலாக மென்பொருள் வாசிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கதிரியக்கவியல் நிபுணர் இல்லாத வைத்தியசாலைகளுக்கு இது பெரிய உதவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மென்பொருள் “நோய் உண்டு, இல்லை” என்று சொல்வதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புள்ளி தருகிறது. எந்தப் புள்ளிக்கு மேல் இருப்பவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவது என்பதை நாம்தான் வகுக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியினால் எங்கள் வீடுகளுக்கெல்லாம் பழகிப்போன வெட்டுப்புள்ளிதான் இதுவும். அதைத் தாழ்த்தினால் பரிசோதனைப் பொருட்கள் விரைவில் தீர்ந்துவிடும். உயர்த்தினால் நோயுள்ள சிலர் இருமலோடு வீடு திரும்பி, பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வார்கள். போதாததற்கு, முன்பு காசநோய் வந்து நுரையீரலில் தழும்பு உள்ளவர்களிடத்திலும் முதியவர்களிடத்திலும் இந்த மென்பொருட்களின் துல்லியம் குறைகிறது. ஆகவே வேறொரு நாட்டில் பொருந்திய எண் இங்கே பொருந்தும் என்று கொள்ள முடியாது. எத்தனை பேரைத் தவறவிடலாம், எவ்வளவு பணம் செலவிடலாம் என்ற முடிவே அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. அதை விற்பனையாளர் அமைத்துக் கொடுத்த இடத்திலேயே விட்டுவைப்பதும் ஒரு முடிவுதான்; கையொப்பம் மட்டும் இராது.

இவையெல்லாம் இனி வரப்போகும் இயந்திரங்களைப் பற்றிய பேச்சு. உண்மையில் செயற்கை நுண்ணறிவு கேள்விப்பத்திரமும் கொள்வனவுக் குழுவும் இல்லாமலே, உத்தியோகத்தர்களின் சட்டைப்பைகளில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. தெற்கிலிருந்து நியமனம் பெற்று வந்த இளம் வைத்தியர், மூதூரிலிருந்து வந்த முதியவருக்கு மருந்து எடுக்கும் முறையைத் தமிழில் விளக்க, செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்த்துத் தந்த வரிகளோடு தொலைபேசியைத்தான் நீட்டுகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மொழிபெயர்ப்பாளரை நாங்கள் கொடுக்கவில்லையே. இதை ஒரு சுற்றுநிருபத்தால் தடுத்துவிடலாம் என்று நம்பும் அதிகாரிகள் உண்டு. தடுத்தால் பழக்கம் நிற்காது, மறைந்து நடக்கும்; மறைந்து நடப்பதில் தவறு நேர்ந்தால் எங்களுக்குத் தெரியவும் வராது. ஆகவே நாங்கள் எல்லையைத்தான் வகுத்தோம். பெயர், அடையாள அட்டை இலக்கம், நோயாளியின் சிகிச்சை விவரம் எழுதப்படும் கட்டில் தலை அட்டையின் படம் எதுவும் தொலைபேசிக்குள் போகக்கூடாது. சுகாதாரத் தகவல்களை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் விசேட வகையாகவே கருதுகிறது. மருந்தின் அளவு பற்றிய விளக்கத்தைத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இரவுப் பணியில் இது எப்போதும் நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றது இடமாற்றம். ஒரு முறைமையின் பலவீனங்களைப் புரிந்துகொண்ட வைத்தியரும் தொழில்நுட்பவியலாளரும் வருடாந்த இடமாற்றத்தில் போய்விட்டால், அந்த அறிவும் அவர்களோடு போய்விடுகிறது. எனவே மென்பொருள் ஒன்று சொல்லி மனிதர் வேறொன்று தீர்மானித்த ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும், பின்னர் யார் சரி என்று தெரிந்ததையும், ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறேன். அத்தோடு, எக்ஸ்ரே மென்பொருள் எதுவும் இங்கு வருமானால், முதலில் நோய் முடிவு தெரிந்த எங்கள் மாவட்டத்துப் பழைய படங்களை அதற்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றும், வெட்டுப்புள்ளியைத் தீர்மானிப்பவரின் பதவியும் அதை மீளாய்வு செய்யும் மாதமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். அந்தப் பதவி மார்பு நோய் வைத்தியருடையதா, பிராந்தியச் சுகாதாரப் பணிப்பாளருடையதா, கொழும்பிலுள்ள தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தினுடையதா என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஏற்படும்வரை படங்களை வைத்தியர்களே வாசிக்கிறார்கள்.